ஒருசந்திக் காலத்தில் ஒரு சந்திப் பிழை

இலக்கணம் படித்தவனால் ஊருக்கு நன்மை விளைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. தீமை விளைந்ததைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். விளைவித்தவனே நான்தான் என்பதால் மிக அருகில் நின்று பார்த்தேன்.

என் பெயர் ஞானப்பிரகாசம். (பெயர் வைத்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் வைத்தார்கள், அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.) முதல் யுத்தம் முடிந்து ஊர் கொஞ்சம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த காலம் அது. ராயபுரத்தில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் நான் தமிழ் வாத்தியார். காலடிப்பேட்டையில் பிறந்து, இலக்கணத்தைக் கரைத்துக் குடித்து, அது செரிக்காமல் ராயபுரம் வந்து சேர்ந்தவன். காலையில் பிள்ளைகளுக்குத் தமிழ். மாலையில் அதே பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் என்கிற வேதபாடம். விளக்கு வைத்த பிறகு பங்குச் சாமியாருக்குத் தமிழ். ஒரே பாடத்தைத் தயார் செய்து எல்லா இடத்திலும் ஓட்டிவிடுவேன். இந்தச் சிக்கனம்தான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

சாமியார் ஐரோப்பாவில் ஏதோ ஒரு மலைநாட்டுக்காரர். கப்பல் ஏறிய அன்றுதான் கடலையே முதன்முதலாகப் பார்த்தாராம். எங்கள் ஊருக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. நல்ல மனிதர், பிடிவாதமும் அதே அளவுக்கு உண்டு. தமிழை இலக்கணத்தின் வழியாகவே பிடித்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். தெருவில் காதில் விழுகிற பேச்சை அவர் தமிழில் சேர்ப்பதே இல்லை. இந்த ஊர் மக்கள் எதைச் சொன்னாலும் 'கீது, கீது' என்று கீதத்திலேயே முடிக்கிறார்களே, இவர்களுக்குச் சங்கீதத்தில் அவ்வளவு பற்றா என்று ஒருநாள் என்னைக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். (இலக்கண வாத்தியாருக்கும் மானம் உண்டு.)

அவருக்கு ஊரைப் பற்றி ஒரே ஒரு குறை. வாடை. கடற்கரைப் பக்கமிருந்து காற்று வீசினால் பங்களாவின் ஜன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருப்பார். துறைமுகத்தில் நிற்கிற கப்பல்களின் அடிப்பாகம் அழுகுவதால் வருகிற நாற்றம் என்று அவராகவே முடிவு கட்டியிருந்தார். மணலில் கருவாடு காய்கிறது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. அது ஒரு வாடை என்றே எங்களுக்குத் தெரியாதபோது எப்படிச் சொல்வது?

அந்த வருஷம் தபசுகாலம் தொடங்குவதற்கு முந்தின வாரம் அவருக்குச் சந்தி இலக்கணம் நடத்தினேன். இப்போது தவக்காலம் என்று சொல்வதைத்தான் நாங்கள் அப்போது தபசுகாலம் என்போம். 'திரு'வும் 'அருளு'ம் சேர்ந்தால் 'திருவருள்', நடுவே ஒரு வகரம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று நான் சொன்னதும் சாமியாருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அன்று முதல் கண்ணில் பட்ட சொல்லை எல்லாம் விறகு மாதிரி பிளக்க ஆரம்பித்தார். நானும் சும்மா இருக்கவில்லை. சொல்லைப் பிரித்தால் பொருள் தன்னால் விழும், அகராதி எல்லாம் சோம்பேறிகளுக்கு என்று ஏற்றிவிட்டேன். அவர் தன் அகராதியைத் தூக்கி அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டார்.

மறுநாள் பழமொழிப் பாடம். 'கறந்த பால் மடி புகாது, கருவாடு மீன் ஆகாது.' காலையில் பிள்ளைகளுக்கு. விளக்கு வைத்த பிறகு அதே பழமொழி சாமியாருக்கு. பிள்ளைகளும் தலையாட்டினார்கள், சாமியாரும் தலையாட்டினார். தலையாட்டினால் புரிந்தது என்று நினைக்கிற வயது எனக்கு.

இந்த இடத்தில் என் கல்யாண விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். கடற்கரையோரம் பெரிய கருவாட்டு மண்டி வைத்திருந்தவர் சவரிமுத்து. அவருக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் பிலோமினாவை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். வெறும் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு அவர் பெண் கொடுக்க முன்வந்ததற்கு ஒரே காரணம்தான். "எம்பொண்ணு பொறந்ததுலேந்து கருவாட்டு வாடையிலயே கீது. இனிமேட்டாவது பொஸ்தக வாடையில இருக்கட்டும்" என்றார். பிலோமினாவை நான் ஒரே ஒரு முறை பார்த்திருந்தேன். தண்ணீர்ச் செம்பை நீட்டும்போது என் தலைப்பாகையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எனக்கு அவளை மிகவும் பிடித்துப் போயிற்று. வேறு யாரையும் கட்டிக்கொள்வதில்லை என்று அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டேன். (வேறு யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்பது வேறு.) தபசுகாலத்தில் கல்யாணம் கூடாது. ஆகவே ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாள் கழிந்ததும், கோயிலில் கல்யாணத்தை அறிவிக்கிற ஓலை வாசித்து முகூர்த்தம் என்று பேச்சு.

பாஸ்கு வரை சும்மா இருந்திருக்கலாம். மாமனார் வீட்டுக்கு முன்னால் பக்திமான் என்று பெயர் எடுக்க வேண்டும் என்கிற ஆசை என்னை விடவில்லை.

தபசுகாலத்தில் பெரியவர்கள் ஒருசந்தி இருப்பார்கள். அதாவது நாளுக்கு ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. பிள்ளைகளுக்கு அந்தக் கஷ்டம் கிடையாது. வெள்ளிக்கிழமை இறைச்சி தொடாமல் சுத்தபோசனம் அனுசரித்தால் போதும். சுத்தபோசனம் என்றால் மற்ற ஊரில் பருப்பும் கத்தரிக்காயும். எங்கள் படகுக்காரத் தெருவில் அன்றைக்குத்தான் வஞ்சிரம் வறுவல், இறால் தொக்கு, நண்டுக் குழம்பு. இறைச்சிதானே கூடாது? சுத்தபோசனத்தைச் சுத்தமாக வழித்துச் சாப்பிட்டுவிட்டு, சர்வேசுரனுக்காகப் பெரிய தியாகம் செய்த முகத்தோடு சிலுவைப்பாதைக்கு வருவார்கள். வருகிற ஏப்பத்தில் கோயில் மெழுகுவர்த்தி ஆடும்.

இதைத் திருத்துவதற்காகவே நான் அவதரித்ததாக எனக்குத் தோன்றியது. தெருவில் யாருக்கும் இறைச்சி பெரிய விஷயமில்லை. விட வேண்டியது மீன். தபசுகாலம் தொடங்கி, நெற்றியில் சாம்பல் பூசிய புதன்கிழமையே ஞானோபதேச வகுப்பில் அறிவித்தேன். பாஸ்கு வரை எந்தப் பிள்ளையும் மீன் தொடக்கூடாது, அதுதான் உண்மையான தபசு என்று முழங்கினேன். உடனே முன்வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. சவரிமுத்துவின் இளைய மகள் ரோசம்மா. வயது பத்துக்குள்தான் இருக்கும், வாய் நாற்பதைத் தாண்டிவிட்டது.

"வாத்தியாரே, கருவாடு துன்னலாமா?"

கருவாடும் மீன்தானே என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"நீதான சொல்லிக்குடுத்த? கருவாடு மீன் ஆவாதுன்னு."

பழமொழிக்கு அது பொருள் இல்லை, போனது திரும்பாது என்பதுதான் பொருள் என்று விளக்கியிருக்கலாம். ஆனால் நான் யோசித்தது வேறு. இவள் வருங்கால மச்சினி; இவளுடைய அப்பா கருவாட்டு வியாபாரி; கருவாட்டை விலக்கினால் மாமனார் முகத்தில் எப்படி விழிப்பது? ஆகவே தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கருவாடு மீன் அல்ல, தாராளமாகத் தின்னலாம் என்று தீர்ப்பு வழங்கினேன். பிள்ளைகள் அத்தனை பேர் முகத்திலும் வெளிச்சம். என் முகத்திலும்தான்.

முதல் வெள்ளிக்கிழமை தெருவில் எந்தப் பிள்ளையும் மீன் தொடவில்லை. எல்லாருக்கும் கருவாட்டுக் குழம்பு. தாய்மார்கள் முணுமுணுத்தார்கள், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். சாப்பிட்டு முடித்த பிறகு ரோசம்மாவுக்கு அறிவு வேலை செய்தது. அவள் மற்றப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு தர்க்கம் செய்திருக்கிறாள். தண்ணீரில் இருப்பது மீன். தரையில் இருப்பது கறி. கருவாடு மீன் இல்லை என்று வாத்தியாரே சொல்லிவிட்டார். அது கிடப்பது மணலில். அப்படியானால் அது கறி. வெள்ளிக்கிழமை கறி தின்றால் சாவான பாவம்.

இந்தச் சந்தேகத்தை என்னிடம் வந்து கேட்டிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். கேட்கவில்லை. நேரே மறுநாள், சாமியார் காதில் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுகிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வரிசையில் நின்றுவிட்டார்கள். ஒவ்வொரு பிள்ளையும் முழந்தாளிட்டு, "சாமி, வெள்ளிக்கெழமெ கருவாடு துன்னுட்டேன்" என்று அழுதிருக்கிறது. இதைச் சாமியார் யாரிடமும் மூச்சு விடவில்லை, விடவும் மாட்டார். பிள்ளைகளே அப்புறம் தெரு முழுக்கப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

சாமியார் நிலையை நினைத்துப் பாருங்கள். கருவாடு என்ற சொல்லை அவர் அதற்கு முன் கேட்டது என் பழமொழிப் பாடத்தில் மட்டும். பாவசங்கீர்த்தனத்தில் காதில் விழுந்ததை வெளியே யாரிடமும் கேட்டுத் தெளிய முடியாது, வேதம் அனுமதிக்காது. அகராதியோ அலமாரியின் உச்சியில். கையில் மிச்சமிருந்தது நான் கொடுத்த கோடாலி ஒன்றுதான். பிளந்தார். கரு, ஆடு. நடுவில் ஒரு வகரம் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அதுவரை சாமியாரின் பிரசங்கங்களை நான்தான் எழுதிக் கொடுத்து வந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தாமே எழுதியிருந்தார். பூசைக்கு முன் என்னைப் பார்த்து, இன்றைக்கு உமக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது என்று கண்ணைச் சிமிட்டினார். நான் மாமனார் கண்ணில் படும்படியான இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

"பிரியமான கிறிஸ்தவர்களே," என்று தொடங்கினார். "வெள்ளாட்டை உண்ணலாகாது என்று அறிவீர்கள். செம்மறியாட்டை உண்ணலாகாது என்றும் அறிவீர்கள். அவ்வாறிருக்க, கருவாட்டை மட்டும் உண்ணலாம் என்று எவன் உங்களுக்குச் சொன்னான்?"

நான் மாமனார் கண்ணில் படாத இடமாகப் பார்த்து நகர்ந்தேன்.

அதன் பிறகு அவர் பேசியதை எல்லாம் முழுமையாகச் சொல்ல எனக்கு இன்றும் தெம்பில்லை. நிறம் கறுப்பாக இருப்பதால் ஒரு பிராணி பாவமில்லாததாகிவிடாது என்றார். புல்வெளியில் துள்ளி விளையாடும் கருவாட்டை நினைத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். நாங்கள் நினைத்துப் பார்த்தோம். அதன் கழுத்தில் கத்தி வைக்கும்போது அது உங்களை ஏறிட்டுப் பார்க்கவில்லையா என்று கேட்டுவிட்டு அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில், பாஸ்குத் திருநாள் வரை கருவாட்டை எவனும் வீட்டுக்குள் சேர்க்கலாகாது, விற்கலாகாது, கட்டி வைத்து மேய்க்கவும் கூடாது என்று கட்டளையிட்டு இறங்கினார்.

ஜனங்களுக்குப் புல்வெளியும் புரியவில்லை, கழுத்தும் புரியவில்லை. கருவாடு கூடாது என்பது மட்டும் கல்லில் எழுதின மாதிரி புரிந்தது. அன்று பிற்பகலே தெருவில் கருவாட்டுப் பானைகள் பரணுக்கு ஏறின. கதை நடக்க நடக்கக் கால் முளைக்குமல்லவா? கருவாட்டில் விஷப்பூச்சி என்று திருவொற்றியூரில் பேசிக்கொண்டார்கள். பேசின் பிரிட்ஜுக்குப் போய்ச் சேருவதற்குள், ராயபுரத்தில் கருவாடு தின்ற ஒருவனுக்குக் கொம்பு முளைத்துவிட்டது. அவனைப் பார்க்க ஆட்கள் வேறு வந்து, இடம் கேட்டு அலைந்தார்கள். கிறிஸ்தவர் அல்லாத மீன்பிடிக் குப்பங்களிலும் கருவாடு வாங்குவது நின்றது. சவரிமுத்துவின் மண்டியில் சரக்கு கூரையைத் தொட்டது.

மறு வாரம் பள்ளிக்கூட வாசலில் அவர் என்னைப் பிடித்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

"சாமி ஒங்கிட்டதான தமிழ் படிக்குது?"

ஆமாம் என்றேன்.

"கருவாடு மீன் இல்லேன்னு புள்ளீங்களுக்குச் சொன்னதும் நீதான?"

அதற்கும் ஆமாம் என்றேன். ரோசம்மா அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மறுக்க வழியில்லை.

"அப்ப கேட்டுக்கோ வாத்தியாரே. பாஸ்குக்குள்ள எங்கருவாட்ட மீனாக்கிட்டு வா. இல்லாங்காட்டி இந்தக் கண்ணாலம் கெடையாது. கருவாட்டுக்கும் மீனுக்கும் வித்தியாசம் தெரியாதவனுக்குப் பொண்ணக் குடுத்துட்டு நான் பேஜாருல மாட்டிக்க மாட்டேன்."

அவர் நடையைக் கட்டினார். நான் ரோசம்மாவை நிறுத்தி, உன் அக்கா என்ன சொல்கிறாள் என்று கேட்டேன்.

"ஒண்ணியும் சொல்லல. சிரிச்சிகினே கீது."

அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருசந்திக்கு அதுவும் சேர்ந்துகொள்ளட்டும் என்று தேற்றிக்கொண்டேன். கருவாட்டை மீனாக்க வேண்டும்! ஆகாது என்று நானே ஊர் முழுக்கப் பாடம் நடத்தியிருக்கிற காரியம்.

மறுநாள் மாலை சாமியாரிடம் போய், கருவாடு ஆடு அல்ல, மீன் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "கருவாடு மீன் ஆகாது என்று கற்பித்தவர் நீர்" என்றார்.

அது வெறும் பழமொழி என்றேன்.

"பால், மடி, ஆடு. மூன்றும் ஒரே தொழுவத்தைச் சேர்ந்தவை. பழமொழி தெளிவாகத்தான் இருக்கிறது. கலங்கியிருப்பவர் நீர். அந்த வியாபாரியின் குமாரத்தியை மணக்கப் போகிறீர் என்று கேள்விப்பட்டேன். ஆசை அறிவை மறைக்கும்."

எப்படிப்பட்ட மாணவன்! வேறு சமயமாக இருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். கடைசியில், கருவாட்டைக் கொண்டுவந்து நேரில் காட்டுகிறேன் என்று கெஞ்சினேன். சம்மதித்தார். உயிரோடு கொண்டு வரச் சொன்னார். உயிரோடு கிடைக்காது என்றேன்.

"ஐயோ," என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார், "அத்தனையையும் கொன்றுவிட்டீர்களா?"

அப்போதுதான் எனக்கு அந்த மகத்தான யோசனை உதித்தது. வித்தியாசம் புரிய வேண்டுமானால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். இந்தப் பக்கம் கறுப்பு ஆடு. அந்தப் பக்கம் கருவாடு. தெருக்கோடியில் ஆட்டுப்பால் ஊற்றுகிற முனியம்மாவிடம் மை போலக் கறுத்த ஆடு ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை போய்க் கேட்டேன்.

"இன்னிக்கு ஒங்க ஆளுங்களுக்குக் கறி ஆவாதே வாத்தியாரே" என்றாள்.

சாமியாரிடம் காட்டிவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்றேன். "பாத்து. சாமி ஒருசந்தி வேற கீது. பசியில வெட்டிறப் போவுது" என்று எச்சரித்துக் கயிற்றைக் கொடுத்தாள்.

தபசுகாலத்து வெள்ளிக்கிழமை. கோயிலில் சிலுவைப்பாதைக்கு மணி அடிக்கிறது. தெரு முழுக்க ஜனங்கள் கோயிலைப் பார்த்து நடக்கிறார்கள். நடுவில் தலைப்பாகையும் கோட்டுமாக ஞானோபதேச வாத்தியார், வலது கையில் கறுப்பு ஆடு, இடது கக்கத்தில் ஒரு கட்டு வாளைக் கருவாடு. தடைசெய்யப்பட்ட இரண்டையும் ஒரே சமயத்தில் சுமந்துகொண்டு சாமியார் பங்களாவுக்குப் போகிறவனைப் பார்த்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? வாத்தியார் வேதத்தை விட்டுவிட்டார் என்று சிலர் நினைத்தார்கள். சாமியாருக்கு விருந்து என்று சிலர் நினைத்தார்கள். யாரும் கோயிலுக்குப் போகவில்லை; எல்லாரும் என் பின்னால் வந்தார்கள். ஆடு வேறு நடக்கிற ஆடாக இல்லை. சிலுவைப்பாதையில் நின்று முழந்தாளிட்டு ஜெபிக்கப் பதினான்கு ஸ்தலம். முனியம்மாவின் ஆடு அதற்கு மேலும் நின்று நின்று வந்தது. நிற்கிற இடத்தில் எல்லாம் கூட்டமும் பழக்கதோஷத்தில் நின்றது. ஒரு கிழவி முழந்தாளிட்டே விட்டாள்.

பங்களா வாசலில் சாமியார் சிலுவைப்பாதை அங்கியோடு நின்றார். கூட்டத்தில் முன்னால் சவரிமுத்து. அவருக்குப் பக்கத்தில் ரோசம்மா. இரண்டு அடி பின்னால் முக்காட்டுக்குள் பிலோமினா.

சாமியார் ஆட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "இதோ கருவாடு" என்றார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் திகைத்தார்.

"சாமி, இது கறுப்பு ஆடு," என்றேன். "கருவாடு இது." கக்கத்திலிருந்த கட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

அவர் இரண்டு எட்டு பின்வாங்கினார். மூக்கைப் பொத்திக்கொண்டார். பிறகு பொத்திய கையை மெல்ல எடுத்து ஒரு தரம் முகர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் பல மாதங்களின் துயரம் தெளிவதை நான் பார்த்தேன். "கப்பல் அல்லவா?" என்று மெல்லிய குரலில் கேட்டார்.

கப்பல் அல்ல, இதுதான் என்றேன்.

"முன்பு இது என்னவாக இருந்தது?"

மீனாக இருந்தது என்றேன்.

"இப்போது?"

அந்தக் கேள்விக்கு எந்த விடை சொன்னாலும் ஆபத்து. மீன் என்றால் பிள்ளைகள் முன்னால் நான் சொன்னது பொய். மீன் இல்லை என்றால் கல்யாணம் இல்லை. சவரிமுத்து என்னையே பார்த்தார். தெருவே என்னைப் பார்த்தது. நான் ஆட்டைப் பார்த்தேன்.

ஆடு என்னைப் பார்க்கவில்லை. உப்பு வாடை அதற்கு எட்டிவிட்டது. கழுத்தை நீட்டி, கட்டிலிருந்து ஒரு வாளைக் கருவாட்டை உருவி, வால் பக்கத்திலிருந்து நிதானமாக மெல்ல ஆரம்பித்தது. கருவாட்டின் தலை அதன் வாய்க்கு வெளியே நின்று, மெல்லுகிற ஒவ்வொரு தடவையும் எங்களைப் பார்த்து ஆமாம் ஆமாம் என்று ஆடியது.

சாமியார் கையை உயர்த்திக் கூட்டத்தை அமைதிப்படுத்தினார். ஆட்டையே நெடுநேரம் கவனித்தார்.

"ஆடு தன் இனத்தை உண்ணுமா?" என்று என்னைக் கேட்டார்.

உண்ணாது என்றேன்.

"ஆடு இறைச்சி உண்ணுமா?"

எந்த இறைச்சியும் உண்ணாது என்றேன்.

"இதை உண்கிறது. ஆகவே இது ஆடும் அன்று, இறைச்சியும் அன்று. முன்பு மீனாக இருந்தது இப்போதும் மீனே."

"ஆடே சொல்லிடிச்சிப்பா" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. சவரிமுத்து தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. சாமியார் மட்டும் விரலால் காற்றில் ஏதோ எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தார். பிறகு கண்கள் பளபளக்க என் பக்கம் குனிந்து, "கரு, வாடு. கறுத்து வாடியது. பிரித்த இடம்தான் பிழை. விதி பிழை அன்று" என்றார். அந்த நேரத்திலும் அவர் என் விதியைக் கைவிடவில்லை என்பதற்காக நான் அவரை இன்றுவரை நேசிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் கருவாட்டை மீன் குலத்தில் திரும்பச் சேர்த்துக்கொண்டதாக அறிவித்தார். மண்டி மறுபடி கலகலத்தது. எல்லாம் சுபம் என்று நான் ஞானோபதேச வகுப்புக்குப் போனால், முன்வரிசையில் ஒரு கை எழுந்தது.

"வாத்தியாரே, கருவாடு மீனுதான்னா, மீன் துன்ன மாட்டோம்னு சொல்லிட்டு நாங்கல்லாம் மீனு துன்னுட்டோமே. அது பாவமா?"

அந்தச் சனிக்கிழமையும் பாவசங்கீர்த்தன வரிசை தெருமுனை வரை நீண்டது. மாலையில் சாமியார் என்னைக் கூப்பிட்டார். அவருக்குக் குரல் கட்டிப் போயிருந்தது. பிள்ளைகளுக்கு இனிமேல் எந்தத் தபசும் நான் விதிக்கக் கூடாது என்றார். அவரவர் விரும்புவதை விடுவதுதான் தபசு என்பது என்னுடைய கொள்கையே ஆகையால், பாஸ்கு வரை நான் வாயால் இலக்கணம் பேசக்கூடாது என்று எனக்கு ஒரு தபசு விதித்தார். அந்தத் தபசுகாலத்தில் உண்மையாகவே பட்டினி கிடந்தவன் நான் ஒருவன்தான்.

பாஸ்கு முடிந்து கோயிலில் எங்கள் கல்யாண ஓலை வாசித்தார்கள். "ஞானப்பிரகாசம் என்பவர், கருவாட்டு வியாபாரி சவரிமுத்துவின் குமாரத்தி..." என்று படித்து வந்த சாமியார், 'கரு' என்றதும் ஒரு கணம் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக என்னைத் தேடிப் பார்த்துவிட்டு 'வாட்டு' என்றார். கோயிலே குலுங்கியது. மூன்று ஞாயிறு ஓலை. மூன்று ஞாயிறும் நிறுத்தினார். சந்தி சிரித்தது என்பார்களே, தெருச் சந்தியும் இலக்கணச் சந்தியும் ஒன்றாகச் சேர்ந்து சிரித்தது உலகத்திலேயே என் ஒருவனைப் பார்த்துத்தான் இருக்கும். கல்யாணத்துக்கு முனியம்மாவின் ஆட்டையும் மாமனார் அழைத்திருந்தார். அதற்குப் போட்ட மாலை என்னுடையதைவிடப் பெரியது. அதை அது முகூர்த்தத்துக்கு முன்பே தின்றுவிட்டது.

இத்தனை வருஷம் ஆகிவிட்டது. பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாருக்கும் இந்தக் கதை தெரியும். ஒவ்வொரு தபசுகாலத்திலும் யாராவது ஒருவர் ஆரம்பித்து வைப்பார்கள். நான் ஏதாவது இலக்கணம் பேசி வீட்டில் எல்லாரையும் அறுக்கும்போது பிலோமினா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். தலைப்பாகை போய் வழுக்கை வந்த என் தலையைப் பார்த்து அதே மாதிரி சிரிப்பை அடக்கிக்கொள்வாள். பிறகு எல்லார் காதிலும் விழும்படி ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுச் சொல்வாள்:

"அன்னிக்கு அந்த ஆடு மட்டும் வாய மூடிகினு கம்முனு இருந்திருந்தா, நான் தப்பிச்சிருப்பேன்."